இரும்புத் துகளுக்கு ஒரு சர்க்கரைச் சட்டை

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்தவங்க கடற்கரையில் கலர் மணல் பொட்டலம் விற்பதைப் பார்த்திருப்பீங்க. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட். சிவப்பு, கார்னெட். இவற்றோடு தேன் நிறத்தில், சட்டென்று கண்ணில் படாமல் கலந்து கிடப்பது மோனசைட். எங்க மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இந்த மணலைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை இருக்கிறது. பிரிக்கும் வேலையில் பெரும்பங்கு காந்தத்துக்கு. இல்மனைட் நன்றாக இழுபடும். கார்னெட்டும் மோனசைட்டும் அதைவிடக் குறைவாக. ஸிர்க்கான் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மோனசைட் ஏன் காந்தத்துக்கு அசைகிறது? அதற்குள் இருக்கும் அரிய மண் தனிமங்களால். சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவைதான் அதில் பெரும்பங்கு. கடோலினியம் என்று ஒன்று, அந்த அரிய மண் தனிமங்களில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கடோலினியம்தான் இன்று உலகம் முழுக்க எம்ஆர்ஐ ஸ்கேனில் ‘கான்ட்ராஸ்ட்’ என்று ஊசியில் ஏற்றப்படுவது. (மணல் அள்ளுவது சரியா தப்பா என்பது வேறு விவாதம். அதைத் தனியாக எழுத வேண்டும், சண்டைக்குத் தயாராக.)

ஆனால் இந்தப் பதிவு கடோலினியத்தைப் பற்றியதல்ல, அதனிடம் தோற்றுப்போன போட்டியாளரைப் பற்றியது. சாதாரண இரும்பு ஆக்சைடு. துருவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதை நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கி, சர்க்கரையால் ஆன பாலிமர் ஒன்றைப் போர்த்தி, மருந்தாக விற்றார்கள். 1990களில் கடைக்கு வந்தது, 2010 வருவதற்குள் பெரும்பாலான நாடுகளில் காணாமல் போனது. மருந்து வேலை செய்யவில்லையா என்றால், செய்தது. இதை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், அந்த மருந்து இல்லாததன் அருமை தெரியக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது: சிறுநீரகம் பழுதானவங்க.

முதலில் எம்ஆர்ஐ. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். நம்ம ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஸ்கேனருக்குள் 1.5 டெஸ்லா, அதாவது முப்பத்தேழாயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய புலத்திலும் இந்தக் குட்டிக் காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடாது. உடல் சூடு அவற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கும். எதிர்ப் பக்கம் நிற்பவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பத்து லட்சத்துக்கு வெறும் ஐந்து. அந்த ஐந்தை வைத்துத்தான் மூளையையும் முதுகுத்தண்டையும் படம் எடுக்கிறோம். எனக்கு இது இன்னமும் நம்ப முடியாத விஷயம்.

அந்த அணுக்கருக்களை 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் தட்டிச் சாய்த்தால், அவை பம்பரம்போல் சுழன்றபடி பதில் சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னல் அடங்குவதில் ரெண்டு விதம் உண்டு. சாய்ந்தவை நிமிர்ந்து பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரம் ஒன்று, அதற்குப் பெயர் டி1. மற்றது டி2. சுசீந்திரம் தேர் வடம் பிடிப்பவர்களை நினைச்சுக்கோங்க. எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு தாளத்தில் இழுத்தால், அத்தனை பலம் இருந்தும் தேர் அப்படியே நிற்கும். அணுக்கருக்களின் தாளம் இப்படிக் குலைய எடுக்கும் நேரம்தான் டி2. தாளம் குலைந்தால் அந்த இடம் படத்தில் கறுப்பு.

கடோலினியம் பக்கத்துத் தண்ணீரைச் சீக்கிரம் நிமிர வைக்கும். அதனால் அடுத்த தட்டுக்கு அது தயாராக இருக்கும், அந்த இடம் வெளுத்துத் தெரியும். இரும்புத் துகள் பெரும்பாலும் நேர்மாறு. அது சுற்றுவட்டாரத்தில் தாளத்தைக் குலைக்கும், அந்த இடம் கறுக்கும்.

சில வருஷத்துக்கு முன் என் மாமாவை நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படிவத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “மருமவனே, சாயம் ஏத்துவாங்கன்னு போட்டிருக்கே. மூத்திரம் கலர் மாறுமாடே?” சிரிப்பு வந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. இது சாயமே இல்லை, மாமா. எக்ஸ்ரேக்குக் கொடுக்கும் பேரியமும் அயோடினும் படத்தில் தானே தெரியும். எம்ஆர்ஐ மருந்து தான் தெரிவதில்லை. தன் அருகில் உள்ள தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றுகிறது, நாம் பார்ப்பது அந்தத் தண்ணீரை. தெருவில் வி.ஐ.பி. வருவதை நாம் பார்க்காவிட்டாலும், போலீஸ் நிற்கும் தினுசை வைத்துத் தெரிந்துகொள்வது மாதிரி.

அன்று மாமாவுக்கு எதையும் ஏற்றவில்லை. கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், கான்ட்ராஸ்ட் இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கடோலினியம் அயனிக்கு இணை சேராத எலக்ட்ரான் ஏழு. காந்த வேலைக்கு அதைவிட வசதியான அயனி கிடையாது. ஆனால் அதன் அளவு கிட்டத்தட்ட கால்சியம் அயனியின் அளவு. உடம்பு ஏமாந்துவிடும், கால்சியம் போகும் வாசலில் இது போய் அடைத்துக்கொள்ளும். அதனால் தனியாக ஏற்ற முடியாது. ஒரு கரிம மூலக்கூறுக்குள் கூண்டில் அடைத்துத்தான் ஏற்றுவார்கள். 1988இல் வந்த மேக்னவிஸ்ட்தான் முதலாவது. 60 கிலோ எடையுள்ள ஒருத்தருக்கு வழக்கமான அளவில் ஏறும் கடோலினியம் கிட்டத்தட்ட ஒரு கிராம். நல்ல சிறுநீரகம் இருந்தால் கூண்டோடு ஒரே நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அது உடம்பிலேயே சுற்றும், கூண்டு மெல்லத் திறக்கும்.

டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்குத் தோல் மரப்பட்டைபோலத் தடித்து, மூட்டு மடங்காமல் போகும் ஒரு புது வியாதியை 1990களின் கடைசியில் அமெரிக்காவில் கவனித்தார்கள். கடோலினியத்தோடு அதற்கு உள்ள தொடர்பு வெளியே வந்தது 2006இல். அடுத்த வருஷமே அமெரிக்க எஃப்டிஏ கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது. பிறகு 2014இல் ஜப்பானில் இருந்து ஓர் ஆய்வு. பலமுறை கான்ட்ராஸ்ட் போட்டவர்களின் மூளையில் கொஞ்சம் கடோலினியம் தங்குகிறது என்றது அது. அதனால் கெடுதல் என்று இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் கூண்டு இறுக்கமில்லாத, நீள வடிவ மருந்துகள் பலவற்றை ஐரோப்பா 2017இல் நிறுத்தி வைத்தது. இப்போது பரவலாகப் போடுவது வளையக் கூண்டு. அவற்றில் இந்தத் தோல் வியாதி வருவது மிக மிக அபூர்வம். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்கேன் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடாதீங்க. கிரியாட்டினின் கணக்கை டாக்டரிடம் சொல்லுங்க, முடிவை அவர் எடுக்கட்டும்.

இப்போது இரும்பு.

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு கட்டியாக இருந்தால் நிரந்தரக் காந்தம் ஆகும். அதையே இருபது நானோமீட்டருக்குக் கீழே பொடித்தால் விசித்திரமான ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒற்றைக் காந்தமாகிவிடும், ஆனால் அறைவெப்பமே அதன் திசையை ஓயாமல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு. சராசரி பூஜ்யம். வெளியே இருந்து பார்த்தால் அது காந்தமே இல்லை. ஸ்கேனருக்குள் நுழைந்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, கடோலினியம் அயனியைவிடப் பல மடங்கு வலுவுள்ள காந்தமாக நிற்கும். வெளியே வந்தால் மறந்துவிடும். இதற்குச் சூப்பர்பேராகாந்தம் என்று பெயர். ரத்தத்துக்குள் விட வேண்டிய பொருளுக்கு இந்த மறதி ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி ரத்தக்குழாயை அடைத்துவிடும்.

மறதி மட்டும் போதாது. 10 நானோமீட்டர் துகள்களை ஒரு கிராம் எடுத்தால் அதன் மொத்த மேற்பரப்பு நூறு சதுர மீட்டருக்கு மேல் வரும். ரெண்டு பெட்ரூம் வீட்டின் தரை அளவு. அவ்வளவு மேற்பரப்பு சும்மா இருக்காது, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டும், ரத்தப் புரதங்களும் வந்து ஒட்டும். அதனால்தான் சட்டை தேவைப்படுகிறது.

இந்தச் சட்டை யோசனை மருத்துவத்தில் பிறந்ததல்ல, ராக்கெட்டில் பிறந்தது. எடையில்லாத வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து எஞ்சினுக்குக் கொண்டுவர முடியுமா என்று யோசித்த நாசா பொறியாளர் ஸ்டீவ் பேப்பெல், மேக்னடைட்டை அரைத்து, ஒலியிக் அமிலத்தைப் போர்த்தி, எண்ணெயில் மிதக்க விட்டார். காந்தத் திரவம் பிறந்தது. வருஷம் 1963. அதே வருஷம் நவம்பரில்தான் நமக்கு வடக்கே தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே இடம் தேர்ந்தெடுத்ததற்கும் காந்தம்தான் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது என்பதால். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்குப் பிடித்த தற்செயல், அவ்வளவுதான்.

ரத்தத்துக்கு ஒலியிக் அமிலம் ஒத்துவராது, தண்ணீரில் கரையும் சட்டை வேண்டும். அங்கேதான் டெக்ஸ்ட்ரான் வருகிறது. கரும்புச் சாற்றைப் பிழிந்து நேரம் கடத்தினால் கொழகொழப்பாகிவிடும். சாற்றில் வளரும் ஒரு பாக்டீரியா சர்க்கரையைக் கோத்துச் செய்யும் பாலிமர்தான் அந்தக் கொழகொழப்பு. ஆலைக்காரருக்குத் தலைவலி, மருத்துவருக்கு நண்பன். ரத்தம் இழந்தவர்களுக்கு ரத்தத்தின் அளவைத் தாங்கிப் பிடிக்கப் பல பத்தாண்டுகளாக டெக்ஸ்ட்ரான் ஏற்றியிருக்கிறார்கள். உடம்புக்குப் பழக்கமான ஆள்.

செய்முறையும் கேட்க எளிதுதான். ரெண்டு வகை இரும்பு குளோரைடை ஒன்றுக்கு இரண்டு விகிதத்தில் டெக்ஸ்ட்ரான் கரைசலில் கலந்து, காற்று படாமல் அம்மோனியா விட்டால், கறுப்பாகத் துகள் இறங்கும். இறங்கும்போதே சர்க்கரைச் சங்கிலி அதைச் சுற்றிக்கொள்ளும்.

சட்டை போட்டதும் விளையாட்டே மாறிவிடுகிறது. என் தொழிலில் சொல்வதானால், உடம்பு பார்ப்பது இன்டர்ஃபேஸை மட்டும்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. துகள் எங்கே போகும், எத்தனை மணி நேரம் சுற்றும், யார் அதை விழுங்குவார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சட்டையும், சட்டையோடு சேர்த்த மொத்த அளவும்தான். ஆறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். நூறைத் தாண்டினால் கல்லீரலில் குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் சில நிமிஷத்தில் விழுங்கிவிடும். முப்பதுக்குள் இருந்து சட்டையும் நெருக்கமாக இருந்தால், ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் சுற்றிவிட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேரும்.

1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் முதல் ரகம். டெக்ஸ்ட்ரான் சட்டையோடு 120 முதல் 180 நானோமீட்டர். நல்ல கல்லீரலில் குப்ஃபர் செல்கள் நிறைய இருப்பதால் துகளை விழுங்கி அது கறுத்துப் போகும். வேறு இடத்தில் இருந்து பரவி வந்த புற்றுக்கட்டியில் அந்தச் செல்கள் இல்லை, அதனால் கட்டி மட்டும் வெளிச்சமாக நிற்கும். அமாவாசை இரவில் கடலில் ஒரு வள்ளத்து விளக்கு தெரிகிற மாதிரி.

விழுங்கிய இரும்பு என்ன ஆகும்? எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். 60 கிலோ ஆளுக்கு ஃபெரிடெக்ஸில் போகும் இரும்பு சுமார் 34 மில்லிகிராம். நம் உடம்பில் மொத்த இரும்பு மூன்று நான்கு கிராம். மண்ணீரலும் கல்லீரலும் கிழட்டு ரத்த அணுக்களைத் தின்று, தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மறுசுழற்சி செய்கின்றன. அதாவது அந்த ஊசி, அந்தச் செல்களுக்கு ஒன்றரை நாள் கூடுதல் வேலை. சட்டை செரித்துப் போகும், இரும்பு ரத்தத்தில் சேர்ந்துவிடும். கடோலினியத்துக்கு உடம்பில் அப்படி ஒரு வேலையே கிடையாது. வெளியே போகலாம், இல்லாவிட்டால் தேங்கிக் கிடக்கலாம்.

சின்ன ரகத்தின் சாதனை இன்னும் பெரிது. ஃபெருமாக்ஸ்ட்ரான் என்ற துகளைப் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. புற்று ஏறிய நிணநீர்க் கணுக்களில் வழக்கமான எம்ஆர்ஐ கண்டுபிடித்தது நூற்றுக்கு 35. துகள் போட்ட பிறகு நூற்றுக்கு 90. கணு வீங்கியிருக்கிறதா என்று மட்டும்தான் பழைய முறையால் பார்க்க முடியும். துகள் போட்டால், வீங்காத கணுவுக்குள்ளும் புற்று இருக்கும் இடம் கறுக்காமல் தனித்து நிற்கும்.

இவ்வளவு நல்ல பிள்ளை ஏன் தோற்றது?

ஒன்று, கறுப்பு. மருத்துவர்களின் கண் வெளிச்சத்தைத் தேடிப் பழகியது. கறுப்பு என்றால் காற்றாக இருக்கலாம், பழைய ரத்தக்கசிவாக இருக்கலாம், சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். மருந்தால் வந்த கறுப்புதான் என்று உறுதி செய்ய, போடுவதற்கு முன்பும் பின்பும் எடுக்க வேண்டும். சின்ன ரகத்துக்கு ஒரு நாள் காத்திருந்து மறுபடி வர வேண்டும். ஃபெரிடெக்ஸைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் ஏற்ற வேண்டும், சிலருக்கு முதுகுவலி வரும். அதற்குள் கல்லீரல் செல்லுக்குள்ளேயே நுழையும் புதுக் கடோலினியம் மருந்து வந்துவிட்டது. வெளிச்சமாகத் தெரியும், இருபது நிமிஷத்தில் வேலை முடியும். ஃபெரிடெக்ஸ் 2008இல் நின்றது. அதன் பங்காளி ரெசோவிஸ்ட் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் நின்றது, ஜப்பானில் மட்டும் தொடர்ந்தது. ஃபெருமாக்ஸ்ட்ரானை 2005இல் எஃப்டிஏயின் ஆலோசனைக் குழு பரிந்துரைக்கவில்லை. ஐரோப்பாவில் 2007இல் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றார்கள். என் கணிப்பில், தோல்வியில் பாதி அறிவியல், பாதி கடைக்கணக்கு. கல்லீரலுக்கு மட்டும், நிணநீருக்கு மட்டும் என்று ஒரே வேலைக்கான மருந்தை விற்றுக் கம்பெனி பிழைக்க முடியவில்லை.

பிழைத்தது ஒன்று, அதுவும் வேறு வேஷத்தில். ஃபெருமாக்சிடால் என்ற துகளுக்கு 2009இல் அனுமதி கிடைத்தது ரத்தசோகைக்கு. சிறுநீரக நோயாளிகளுக்கு இரும்பு ஏற்றும் மருந்து. விற்பனைப் பெயர் ஃபெராஹீம். டெக்ஸ்ட்ரானை வேதி முறையில் மாற்றி, ஒவ்வாமையைக் குறைக்கும்படி தைத்த சட்டை. முப்பது நானோமீட்டர் அளவு, ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம். மருந்துக் கடையில் கிடைக்கிறதே என்று ரேடியாலஜிஸ்டுகள் அதை எடுத்து, கடோலினியம் போட முடியாத சிறுநீரக நோயாளிகளின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். துகள் அவ்வளவு நேரம் ரத்தத்திலேயே சுற்றுவதால் அவசரமில்லாமல் எடுக்கலாம். ரத்தத்தில் பரவலாக இருக்கும்போது டி1 விளைவும் கிடைக்கிறது, குழாய் வெளிச்சமாகவே தெரிகிறது.

பிரச்சினை இல்லாமல் இல்லை. 2015 மார்ச்சில் எஃப்டிஏ இதற்கும் கறுப்புக் கட்டம் கட்டியது. அதுவரை கடுமையான ஒவ்வாமை 79 பேருக்கு, அதில் 18 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் மருந்தைச் சில நொடிகளில் வேகமாகச் செலுத்தினார்கள். இப்போது கரைத்து, குறைந்தது 15 நிமிஷம் எடுத்து, கண்காணிப்போடு ஏற்ற வேண்டும் என்பது விதி. இரும்பின் மேல் பழியில்லை, சட்டையின் மேல்தான் சந்தேகம். டெக்ஸ்ட்ரான் வகைச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி சிலர் உடம்பில் முன்கூட்டியே இருக்கும்.

நம் பக்கத்தில் யாராவது இதைச் செய்கிறார்களா என்று தேடினால் ரொம்பத் தூரம் போக வேண்டாம். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இதயம் என்றாலும் மூளை என்றாலும் பஸ் ஏறுகிற திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம். அங்கே ஆர்.எஸ்.ஜெயஸ்ரீயின் குழு 2014இல் ரெண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஒன்றில் டெக்ஸ்ட்ரான் சட்டை, மற்றதில் சிட்ரேட், அதாவது எலுமிச்சையில் உள்ள அமிலத்தின் உப்பு. உள்ளே அதே இரும்பு ஆக்சைடு. குறி வைத்தது கல்லீரல் நார் கட்டுவதை. கல்லீரல் நார் கட்ட ஆரம்பித்தால் துகளை விழுங்கும் திறன் குறையும், எதிர்பார்த்த அளவுக்குக் கறுக்காது. ஊசியால் குத்திச் சதை எடுக்காமலே நோயின் நிலையைச் சொல்ல இது ஒரு வழி. ஆய்வக விலங்குகளில் அதைக் காட்டினார்கள்.

விலங்கில் இருந்து மனுஷனுக்கு வரும் வழி நீளம். ஆய்வகத்தில் ஒரு குடுவை நல்லபடி வருவது, எங்க தொழிலில் ‘என் லேப்டாப்ல ஓடுதே’ என்று சொல்வது மாதிரி. ஆயிரமாவது குடுவையிலும் அதே அளவு, அதே தடிமன் சட்டை வர வேண்டும். கிருமி நீக்கச் சூடாக்கும்போது சட்டை கழன்றுவிடக் கூடாது. ரெண்டு வருஷம் அலமாரியில் இருந்தும் துகள் அடியில் தங்கக் கூடாது. அளவு கொஞ்சம் கூடினாலும் துகள் போகும் இடமே மாறிவிடும் என்று மேலே பார்த்தோமே. அதன் பிறகு விஷத்தன்மைச் சோதனை, மனிதச் சோதனை, காசு போட ஒரு கம்பெனி.

ஸ்ரீசித்திராவுக்கு அந்த வழி தெரியாததல்ல. அவர்கள் உருவாக்கிய இதய வால்வு முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது 1990 டிசம்பரில். அதைத் தயாரிக்கச் சென்னையின் டிடிகே முன்வந்தது. காந்த நானோத்துகளிலும் 2020இல் கொரோனா மாதிரியில் இருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் ஒரு கிட்டைச் செய்து, சில மாதத்தில் கொச்சிக் கம்பெனி ஒன்றின் வழியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அது சோதனைக் குழாய்க்குள் நடக்கும் வேலை, உடம்புக்குள் போவதில்லை, அதனால் அந்த வேகம் சாத்தியமானது.

உள்நாட்டில் இப்படி ஒரு மருந்து செய்வதானால் கல்லீரலை விட்டுவிட்டு ஃபெருமாக்சிடால் போன வழியில் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ரத்தசோகைக்கான இரும்பு ஊசியாகவே அனுமதி வாங்கலாம், வாங்குவதற்கு டயாலிசிஸ் சென்டர்கள் இருக்கின்றன, ஸ்கேன் உபயோகம் பின்னால் தானே வரும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாருக்காவது ஃபெராஹீம் போட்டிருந்தால் ஒரு விஷயம் சொல்லி வையுங்க. அந்தத் துகள் மூன்று மாதம் வரை எம்ஆர்ஐ படத்தை மாற்றிக் காட்டலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. லீவில் ஊருக்கு வந்து, நாகர்கோவிலிலோ ஆசாரிப்பள்ளத்திலோ ஸ்கேன் எடுக்கப் போனால், படுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கறுத்துக் கிடக்கும் கல்லீரலைப் பார்த்து, இரும்பு தேங்கும் வியாதியோ என்று அவர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.